அதட்டாமல் டார்கெட் எடுக்க முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்: வேலையும் மனசாட்சியும்

ஆட்களை வைத்து வேலை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மேலே இருப்பவர் விரட்டுகிறார், கீழே இருப்பவர் வாடுகிறார், நடுவில் நிற்கும் எனக்கு மனசு கேட்கவில்லை என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் சாரம். ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டோம். முதல் கேள்விக்கான பதில் நீளம். வேறு தொழிலில் இருப்பவர்களும் அதைப் படிக்க வேண்டும் என்பதால் சுருக்கவில்லை.

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். 28 டெய்லர்கள். நானும் 9 வருடம் மிஷினில் உட்கார்ந்தவள்தான். மணிக்கு 120 பீஸ் வரவில்லை என்றால் புரொடக்‌ஷன் மேனேஜர் என்னைக் கத்துகிறார், நான் பிள்ளைகளைக் கத்த வேண்டியிருக்கிறது. கத்தாமல் இருந்த நாளில் 95 பீஸ்தான் வந்தது. அன்பாக இருந்தால் வேலை நடக்காதா? – வாசகி, திருப்பூர்

பதில்: கத்திய நாளில் எவ்வளவு வந்தது என்று எழுதவில்லை. மாலை வரைக்கும் கூட்டிப் பாருங்கள், ஆல்ட்ரேஷன் பீஸைக் (பிரித்து மறுபடி தைக்க வேண்டியதை) கழித்துவிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருக்காது. காரணம், 120 வராததற்கும் டெய்லரின் சுறுசுறுப்புக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

ஒரு நாள் ஸ்டாப்வாட்சோடு லைனில் நடந்து போங்கள். ஒவ்வொரு மிஷினிலும் 5 பீஸுக்கு நேரம் எடுங்கள். எடுத்த பீஸைக் கையில் பிடிப்பதிலிருந்து அடுத்த பீஸைப் பிடிப்பது வரை முழுதாகக் கணக்கில் வர வேண்டும். கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டி) வைக்கும் பெண்ணுக்குச் சராசரி 34 வினாடி ஆகிறது என்று வையுங்கள். 3,600-ஐ 34-ஆல் வகுத்தால் மணிக்கு 105 பீஸ். நூல் அறுவது, பண்டல் பிரிப்பது, தண்ணீர் குடிப்பது என்று 15 சதவீதம் கழித்தால் 90 பக்கம்தான் நிற்கும். அந்தப் பெண்ணிடம் 120 கேட்டுக் கத்துவது, ஒரு படி பாத்திரத்தில் ஒன்றேகால் படி அரிசியைக் கொட்டிவிட்டுச் சிந்துகிறதே என்று பாத்திரத்தை அடிப்பது போல.

அதே லைனில் ஷோல்டர் அட்டாச் செய்பவரை, அதாவது தோள்பட்டையை இணைத்துத் தைப்பவரைப் பாருங்கள். 18 வினாடி ஆகிறது என்றால் மணிக்கு 200, கழிவு போக 170. 120 பீஸ் தைக்க அவருக்கு 42 நிமிடம் போதும். மீதி 18 நிமிடம் அவர் கை சும்மா இருக்கிறது. அல்லது அவர் தைத்துக் குவித்த பண்டல் ரிப் மிஷின் பக்கத்தில் மலையாகிறது. அந்த மலையைப் பார்த்துத்தான் மேனேஜர் ரிப் வைக்கும் பெண்ணைக் கத்துகிறார்.

ரிப்பில் குறைவது மணிக்கு 30 பீஸ், அதாவது 20 நிமிட வேலை. ஷோல்டர் டெய்லரின் 18 நிமிடத்தை அங்கே திருப்பினால் ஏறக்குறைய சரியாகிவிடும். இதற்கு மூன்று வேண்டும்: ரிப் பக்கத்தில் ஒரு உபரி ஓவர்லாக் மிஷின், ஷோல்டர் டெய்லருக்கு ஒரு வாரப் பழக்கம் (ரிப்பை ஒரே சீராக இழுத்துப் பிடிக்காவிட்டால் கழுத்து அலை அலையாக வந்துவிடும்), அவர் பீஸ் ரேட்டில் (தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்) இருந்தால், வேறு மிஷினில் உட்காரும் நேரத்துக்கு என்ன கூலி என்று முன்கூட்டியே பேசி முடிப்பது. மூன்றாவதை விட்டுவிட்டால் திட்டமே கவிழும். ‘நீ கொஞ்சம் உதவி பண்ணும்மா’ என்று சொல்லி ஒருவர் கூலியில் கை வைப்பதை அன்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து, எல்லா மிஷினும் தெரிந்த ஒருவரை எந்த இடத்திலும் நிரந்தரமாக உட்கார வைக்காமல் வைத்திருங்கள். 28 பேருக்கு ஒருவராவது வேண்டும். ஒருவர் பாத்ரூம் போனால் அந்த மிஷினில் இவர் உட்காருவார். இந்த ஏற்பாடு இல்லாத லைனில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். எழுந்தால் பண்டல் சேரும், சேர்ந்தால் திட்டு விழும். தண்ணீர் குடிக்காததால் நீர்க்கடுப்பு, அதனால் இரண்டு நாள் லீவு, லீவால் மறுபடி டார்கெட் குறைவு.

தப்பு பீஸ் வந்தால் அதைத் தூக்கிப் பிடித்து லைன் முழுக்கக் காட்டாதீர்கள். டெய்லர் பக்கத்தில் போய்க் குனிந்து, அந்தப் பீஸை மிஷின் மேல் விரித்து, எந்த இடத்தில் பிசகியது என்று விரலால் காட்டுங்கள். ஊசி முனை மழுங்கியிருக்கலாம், நூலின் டென்ஷன் தளர்ந்திருக்கலாம். எல்லோர் முன்னும் திட்டு வாங்கியவர் அடுத்த தப்புப் பீஸைப் பண்டலுக்கு நடுவில் செருகிவிடுவார். அது ஃபைனல் செக்கிங்கில்தான் வெளியே வரும். அப்போது தையலைப் பிரித்து மறுபடி தைக்க, முதலில் தைத்ததைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மிஷினிலும் 7 பீஸை உருவிப் பார்த்துவிட்டால் தப்பு பிறந்த இடத்திலேயே பிடிபடும்.

மேனேஜரிடம் ‘நான் திட்ட மாட்டேன்’ என்று சொல்லிப் பயனில்லை. மணிக்கு எத்தனை பீஸ் குறைந்தது, எதனால் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: துணி வரவில்லை, லேபிள் வரவில்லை, மிஷின் நின்றது, ஆள் வரவில்லை. நான்கு கட்டம் போதும். ஒரு வாரத் தாளை அவர் மேஜையில் வையுங்கள். குறைவில் எவ்வளவு உங்கள் லைனுக்கு வெளியே, கட்டிங்கிலும் ஸ்டோரிலும் பிறக்கிறது என்பது அவருக்கே தெரியும். எழுத்தில் பார்த்திருக்க மாட்டார். அவருக்கும் மேலே பதில் சொல்ல ஒரு தாள் தேவைப்படுகிறது.

இன்னொன்று. இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் உண்டா இல்லையா என்பதை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். ஐந்து மணிக்குச் சொன்னால் குழந்தையை யார் கூட்டி வருவது என்று ஒவ்வொருவரும் போன் போடும் அரை மணி நேரத்தில் கவனம் போய்விடும். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரை ஷிப்டுக்குச் சாதாரணக் கூலியைப் போட்டுவிட்டு அன்பைப் பற்றிப் பேசும் முதலாளியிடம், இந்தக் கணக்கை யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த மேனேஜர் பெண்களைப் பாலியல் ரீதியான கொச்சை வார்த்தையால் திட்டுகிறார் என்றால் அது வேறு விஷயம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பெரிய ஜவுளிக்கடையில் ஃப்ளோர் மேனேஜர். சட்டம் வந்துவிட்டது என்று எல்லா செக்‌ஷனிலும் ஸ்டூல் போட்டோம். ஒருவரும் உட்காருவதில்லை. வேண்டாம் என்கிறார்களே, எடுத்துவிடலாமா? – வாசகர், மதுரை

பதில்: எடுக்காதீர்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. ஸ்டூலை எடுப்பது சட்டமீறல்.

அவர்கள் உட்காராததற்குக் காரணம் பயம். கேமரா பார்க்கிறது, வாடிக்கையாளர் வந்தால் எழத் தாமதமானால் பேச்சு விழும், பக்கத்தில் நிற்பவர் ‘இவளுக்கு மட்டும் என்ன’ என்பார். ‘வேண்டுமானால் உட்காருங்கள்’ என்று சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். முறை வையுங்கள்: ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம், செக்‌ஷனில் ஆறு பேர் என்றால் ஒருவர் மாற்றி ஒருவர். அந்த 10 நிமிடத்தில் வாடிக்கையாளர் வந்தால் பக்கத்து ஆள் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் வாரம் நீங்களும் அந்த ஸ்டூலில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்காருங்கள். ஸ்டூலின் உயரத்தையும் பாருங்கள். தரையோடு தரையாக இருந்தால் சேலையோடு எழுந்திருப்பது சிரமம், கவுண்டருக்கு மேல் முகமும் தெரியாது. பாதி நின்ற மாதிரி சாய்ந்து உட்காரும் உயரம், கால் வைக்க ஒரு கட்டை, இரண்டும் இருந்தால் உட்காருவார்கள். மாலையானால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் காலில் ஆழமாகத் தெரிபவர்களுக்கு முதல் முறை கொடுங்கள்.

கேள்வி: ஐ.டி. நிறுவனத்தில் மேனேஜர். என் டீமில் இரண்டு பேரை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். முடிவில் எனக்குப் பங்கில்லை. ஆனால் சொல்ல வேண்டியது நான்தான். மனசு நோகாமல் எப்படிச் சொல்வது? – வாசகர், சென்னை

பதில்: மனசு நோகாமல் சொல்ல வழியில்லை. நோவைக் கூட்டாமல் சொல்ல வழி இருக்கிறது.

இரக்கமுள்ள மேனேஜர்கள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். குடும்பத்தை விசாரித்து, மார்க்கெட் நிலவரம் பேசி, சுற்றிச் சுற்றி வந்து, கால் மணி நேரம் கழித்தும் எதிரே இருப்பவருக்கு வேலை போய்விட்டதா, எச்சரிக்கையா, டீம் மாற்றமா என்று புரியாது. வெளியே போய் நண்பரிடம் கேட்பார். முதல் இரண்டு வாக்கியத்துக்குள் சொல்லிவிடுங்கள்: ‘ஒரு கஷ்டமான செய்தி. உங்கள் வேலை இந்த மாதம் 30-ஆம் தேதியோடு முடிகிறது.’ பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் ஒரு நிமிடம் நீண்டாலும் நிரப்பாதீர்கள். ‘எனக்கும் தூக்கமில்லை’ என்று ஆரம்பிக்கவே வேண்டாம். அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்கு ஆளாகிவிடுவார்.

உள்ளே போகும் முன் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். கடைசிச் சம்பளம் எந்தத் தேதி. நோட்டீஸ் காலப் பணம் எவ்வளவு. எடுக்காத லீவுக்கு என்ன. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை (வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் குறித்திருந்தால் இதுதான் அவருடைய முதல் கேள்வி). ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் யார் தருவார்கள். தொடர்ந்து 5 வருடம் முடித்தவர் என்றால் கிராச்சுட்டி (பணிக்கொடை). கிராச்சுட்டிக்குக் கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். 40,000 ரூபாய், 6 வருடம் என்றால் சுமார் 1,38,460 ரூபாய். வேலை முடிந்த தேதியை பி.எஃப். கணக்கில் ஹெச்.ஆர். ஏற்றிவிட்டார்களா என்று நீங்களே பின்தொடருங்கள். அது ஏறாவிட்டால் பணத்தை எடுக்கவோ மாற்றவோ போகும்போது சிக்கிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மாலை சொல்லாதீர்கள். இரண்டு நாள் யாரையும் கேட்க முடியாமல் தனியாகத் தவிப்பார். வாரத்தின் முதல் பாதியில், காலையில், கதவு இருக்கும் அறையில் சொல்லுங்கள். கண்ணாடி அறை வேண்டாம். அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் நேராகத் தன் இடத்துக்கு, அத்தனை பேர் பார்வைக்கு நடுவே நடக்க வேண்டியிருக்குமா என்பதையும் முன்கூட்டி யோசியுங்கள். மீதி இருப்பவர்களிடம் அன்றைக்கே பேசிவிட வேண்டும். போனவரைப் பற்றி ஒரு குறையும் வாயில் வரக் கூடாது.

கேள்வி: வங்கியில் இளநிலை அதிகாரி. டெபாசிட் போட வரும் வயதானவர்களிடம் இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கச் சொல்கிறார்கள். செய்யாவிட்டால் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா? – பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி

பதில்: இன்றைக்கு விட வேண்டாம். முதலில் இரண்டு வாரம், ராத்திரி படுக்கப் போகும் முன், அன்றைக்கு எந்த வேலை உறுத்தியது என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு அவற்றைப் பிரியுங்கள். சில விஷயங்கள் விதிக்கே எதிரானவை: பாலிசியை டெபாசிட் என்று சொல்வது, பாலிசி எடுத்தால்தான் லோன் என்பது, வருமானத்தைக் கூட்டி எழுதுவது. சில, விதிக்குள் இருந்தும் அந்த ஆளுக்குப் பொருந்தாதவை. மீதி, உங்களுக்கு வெறுமனே பிடிக்காதவை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்தால் வேலையே விஷமாகத் தெரியும்.

முதல் வகையில் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னால், ‘நீங்கள் இன்று சொன்னபடி இதைச் செய்ய வேண்டுமா என்று உறுதி செய்யவும்’ என்று அலுவலக மெயிலில் பணிவாக ஒரு வரி கேளுங்கள். எழுத்தில் ஆமாம் என்று சொல்லத் துணிபவர்கள் குறைவு.

இரண்டாவது வகையில் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் மூன்று விஷயத்தைத் தமிழில், நிதானமாகச் சொல்லுங்கள். ‘ஐயா, இது டெபாசிட் இல்லை, இன்ஷூரன்ஸ். இந்தத் தொகையை ஒரு தடவை கட்டினால் முடியாது, இத்தனை வருடம் கட்ட வேண்டும். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு.’ சொன்ன பிறகும் வேண்டும் என்பவருக்கு விற்பதில் குற்ற உணர்வு தேவையில்லை. டார்கெட்டுக்கு வேறு ஆளைத் தேடுங்கள்: சின்னக் குழந்தைகளும் வீட்டுக் கடனும் இருக்கும் 30 வயதுக்காரருக்குக் குறைந்த பிரீமியத்தில் டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தருவது) உண்மையிலேயே தேவை. அதில் உங்கள் எண்ணிக்கை முதல் காலாண்டில் குறையும். அதற்குத் தயாராக இருங்கள்.

டிரான்ஸ்ஃபர் மிரட்டல் தொடர்ந்தால், வெளியே போகும் முடிவை எடுக்கும் முன் 6 மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். கையில் பணமில்லாதவரின் ‘முடியாது’ சீக்கிரம் ‘சரி’ ஆகிவிடும்.

கேள்வி: சமூகப்பணி முதுகலை மாணவி. கட்டணம் வாங்கும் நிறுவனத்தில் சேர்ந்தால் கொள்கையை விட்டுக்கொடுத்தது போல் ஆகாதா? – வாசகி, தேனி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கியபோது அவருக்கு வயது 58, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கட்டில்கள் 11. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு கண்புரை அறுவைக்குத் தன் கையைப் பழக்கியவர். அங்கே கட்டணம் கட்டுபவர்களின் பணம், கட்ட முடியாதவர்களின் சிகிச்சைக்கும் போகும்படி கணக்கு அமைக்கப்பட்டது. ஒரு டாக்டருக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். முதல் மேஜை முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அப்படியே திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலையையெல்லாம் அவர்கள் கையில் கொடுத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை ஏழைக்கு எட்டாமல் இருந்ததால் 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி இங்கேயே செய்தார்கள். திருப்பூர் வாசகிக்கு மேலே சொன்ன மிஷின் கணக்கும் இந்த மேஜைக் கணக்கும் ஒரே ஜாதிதான். யார் கை எங்கே சும்மா இருக்கிறது, யார் எங்கே காத்துக் கிடக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே கட்டணம் வாங்குகிறார்களா என்பதைவிட, அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். இன்டர்வியூவில் நீங்களும் கேள்வி கேட்கலாம்: போன வருடம் இந்த டீமிலிருந்து எத்தனை பேர் போனார்கள்? களப்பணியாளருக்குப் போக்குவரத்துச் செலவு எப்போது கைக்கு வரும்? கொள்கைக்கு ஒத்துவராது என்று கடைசியாக எந்த நிதியை வேண்டாம் என்றீர்கள்? மூன்றாவது கேள்விக்கு ஒரு குறிப்பான சம்பவத்தைச் சொல்லத் தெரிந்த இடம் நல்ல இடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன், 8 பேர். அட்வான்ஸ் கொடுத்தால் திரும்பி வருவதில்லை, பாவம் பார்த்து லீவு கொடுத்தால் திங்கள்கிழமைதோறும் ஆள் இல்லை. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறார்கள். ஆனால் போன மாதம் ஒரு ஃபிட்டரின் அப்பா இறந்துவிட்டார். திரும்பி வந்தவரிடம் எப்படி நடந்துகொள்வது என்றும் தெரியவில்லை. – வாசகர், கோவை

பதில்: ஒரே கடிதத்தில் இரண்டு கேள்வி. முதலாவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அட்வான்ஸ் அதிகபட்சம் ஒரு மாதச் சம்பளம், எட்டு மாதத்தில் பிடித்தம், பழைய பாக்கி தீராமல் புதியது இல்லை (மருத்துவச் செலவு மட்டும் விதிவிலக்கு). எட்டுப் பேருக்கும் ஒரே விதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில். ஒருவருக்கு 5,000, இன்னொருவருக்கு 50,000 என்று அன்றைய மனநிலைக்கு ஏற்பக் கொடுத்தால், வாங்கியவரே அதைக் கடனாக நினைக்க மாட்டார். பிடித்தம் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாக்கி இருக்கிறது என்பதற்காக ஆளை வேறு பட்டறைக்குப் போகவிடாமல் தடுக்கவும் கூடாது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். திங்கள்கிழமை விஷயத்தில், வராதவரின் மிஷினையும் சேர்த்துப் பார்ப்பவர் யாரென்று கவனியுங்கள். உங்கள் இரக்கத்தின் செலவை அவர் கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அன்றைக்கே கூடுதல் கூலி போடுங்கள். வராதவரைத் தனியாகக் கூப்பிட்டு, தேதிகளை நோட்டிலிருந்து படித்துக் காட்டிக் காரணம் கேளுங்கள். குடியா, வீட்டில் நோயாளியா என்பதைப் பொறுத்து அடுத்த படி வேறு.

அப்பாவை இழந்தவர் விஷயம். முதல் நாள் ‘எப்படி ஆச்சு’ என்று எட்டுப் பேரும் தனித்தனியாகக் கேட்டால் அவர் எட்டுத் தடவை அந்தச் சாவைச் சொல்ல வேண்டும். மற்றவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும், தேநீர் நேரத்தில், ‘அப்பா காரியமெல்லாம் முடிஞ்சுதா? இன்னும் என்னென்ன நாள் இருக்கு?’ என்று கேளுங்கள். 16-ஆம் நாளோ, 30-ஆம் நாளோ, 40-ஆம் நாளோ, மாதாமாதம் வரும் திதியோ, அவர்கள் வழக்கம் எதுவோ அந்தத் தேதிகளை அவர் கண் முன்னாலேயே காலண்டரில் குறியுங்கள். லீவு கேட்டு நிற்க வேண்டியதில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். வேலையைப் பிடுங்கிச் சும்மா உட்கார வைக்காதீர்கள். கை ஓடினால்தான் பலருக்கு மனசு நிற்கும். ஆனால் முதல் இரண்டு வாரம் சக்கில் (லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) பெரிய ஜாப் மாட்டும் வேலையையும் கிரைண்டிங்கையும் வேறு ஆளிடம் கொடுங்கள். தூக்கமில்லாத கண்ணோடு சுற்றும் மிஷின் முன் நிற்பது ஆபத்து. அளவு பார்ப்பது, டூல் தீட்டியதைச் சரிபார்ப்பது, டிராயிங் பிரிப்பது மாதிரி வேலை கொடுங்கள். ‘இது உனக்கு ரெண்டு வாரத்துக்கு மட்டும்தான், அப்புறம் உன் மிஷின் உன்கிட்டயே வரும்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தன் இடம் போய்விட்டதோ என்று அவர் நினைத்துக்கொள்வார்.